பயம் விடுற இடம்

நெடுந்துறை ஜனங்கள் தங்கள் பயத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகத் தொடங்கியது, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஐஸ் கம்பெனியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெளியே வெயில் உப்புக்காற்றோடு சேர்ந்து தகதகவென்று எரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான். அதை முதலில் பார்த்தவள் எமரென்சியா. அவள்தான் அங்கே பேய்.

அந்தக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தவன் கிங்ஸ்டன். பெங்களூரில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைப் பயமுறுத்தி விளையாட்டுக் காட்டுகிற ஒரு இடத்தில் வேலை பார்த்துத் திரும்பியவன், ஊரில் பீச்சையும் பரோட்டாக் கடையையும் விட்டால் போக ஒரு இடமில்லாமல் கிடக்கிற ஜனங்களுக்கு இது பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, 'மூணாம் கதவு' என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டினான். ஆறேழு பேராக உள்ளே போவார்கள். பின்னால் கதவு பூட்டப்படும். முதல் அறையில் சாவியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் அறையில் ரம்பத்தோடு ஒரு ஆள் துரத்துவார். மூன்றாவது ஐஸ் அறையில், தரைக்குள் வரிசையாகப் பதித்திருந்த பழைய ஐஸ் அச்சுக் குழிகளில் ஒன்றிலிருந்து ஈரத் தலைமுடியோடு எமரென்சியா எழுந்து வருவாள், அவள் கழுத்தில் தொங்குகிற சாவியைப் பறித்தால்தான் கடைசிக் கதவு திறக்கும். ரம்பக்காரர் ஆறுமுகநயினார், விருப்ப ஓய்வு வாங்கிய பஸ் கண்டக்டர், ஆறடி உயரம், குகை மாதிரிக் குரல். கிங்ஸ்டன் எத்தனை கண்டித்தாலும் துரத்தும்போது "பாத்து, பாத்து, கீழ படி இருக்கு" என்று சொல்லிவிடுவார். எமரென்சியா, இயேசுவின் பாடுகளை நடிக்கிற கோயில் பாஸ்கா நாடகத்தில் பல வருஷம் மதலேன் மரியாளாக அழுதவள். அவள் அழுதால் கடைசி வரிசை வரைக்கும் மூக்கை உறிஞ்சும் என்று பெயர். அந்தக் குரலைத்தான் கிங்ஸ்டன் வேலைக்குக் கூப்பிட்டான்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்களில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருந்தாள். எமரென்சியா குழியிலிருந்து எழுந்ததும் அவள் அலறினாள், அதில் புதுமை ஒன்றுமில்லை. அலறிவிட்டு, சாவியைப் பறித்துக்கொண்டு, புருஷனும் பிள்ளைகளும் கொழுந்தனும் பின்னால் வர வெளியே வெயிலில் போய் நின்று சிரித்து, சர்பத் வாங்கிக் குடித்து, ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள். அலறல் மட்டும் போகவில்லை. அவள் நின்ற இடத்திலேயே, அவள் உயரத்துக்கு, மூச்சு விடாமல் அது நின்றுகொண்டிருந்தது. கிங்ஸ்டன் வந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். மெயின் ஸ்விட்சை அணைத்தான். அலறல் இருட்டில் நின்றது.

எமரென்சியா கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். நனைந்த சாக்கு மாதிரிக் கனமாக, ஜில்லென்று இருந்தது. தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது பேயைப் பார்த்த பயமில்லை, நாலு பேர் கூடின இடத்தில் வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிக் காலத்துக்கும் சிரிப்பாய்ச் சிரித்துப்போவோமோ என்று அந்த டீச்சர் சின்ன வயசிலிருந்து சுமந்துகொண்டு திரிந்த பயம்.

"அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க" என்றாள்.

ஆறுமுகநயினார் ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி, பக்கத்துக் குழியில் இறக்கி, மேலே மரப்பலகையைப் போட்டு மூடினார்கள். சத்தம் அடங்கியது.

"சரி, அடுத்த ஆளுக வெளிய நிக்காங்க" என்றான் கிங்ஸ்டன்.

டீச்சர் மறுவாரம் பள்ளி ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, தலைமையாசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நிறுத்தாமல் பேசினாள். அதற்குப் பிறகு ஊருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊசிக்கு அழுகிற பிள்ளைகளைத் தாய்மார் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பரீட்சை எழுதப்போகிற பையன்கள் கூட்டமாக வந்தார்கள், ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தவர்கள், கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள், பைக்கில் விழுந்து எழுந்தவர்கள், வானத்தில் இடி கேட்டால் கட்டிலுக்கு அடியில் போகிற ஒரு வக்கீல், மகளிர் குழுக்காரிகள் ஒரு வேன் நிறைய, இன்ஸ்பெக்டர் அனுப்பி வைத்த போலீஸ்காரர்கள், எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் அலறினார்கள், அலறியதை விட்டுவிட்டு வேர்வை துடைத்துக்கொண்டு லேசாக நடந்து போனார்கள். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் இதைச் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை அங்கி இல்லாமல் தொப்பி போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். வாசலில் சர்பத் கடை, சுண்டல் கடை, செருப்பு தைக்கிறவர் ஒருவர் என்று சின்னச் சந்தை கூடியது. பஸ்ஸில் கண்டக்டர்கள் ஐஸ் கம்பெனி ஸ்டாப்பின் பழைய பெயரை மறந்துவிட்டு, "பயம் விடுற எடம், பயம் விடுற எடம் இறங்கு" என்று கத்தினார்கள்.

சாயங்காலமானால் எமரென்சியாவும் ஆறுமுகநயினாரும் அறையைப் பெருக்கி, அன்றைக்கு விழுந்து கிடந்ததையெல்லாம் எடுத்துக் குழிகளில் அடைப்பார்கள். சிலது பாறாங்கல் மாதிரி நகராது. சிலது உள்ளங்கைக்குள் அடங்குகிற நண்டு மாதிரி, விரலைக் கவ்விக்கொண்டு விடாது. நாய்ப் பயம், கடன்காரன் பயம், வயிற்றுக்குள் கட்டி இருக்குமோ என்கிற பயம், பிள்ளை தன் ஜாடையில் இல்லையே என்கிற பயம், எல்லாவற்றையும் அவள் தொட்டே அறிந்தாள். வீட்டுக்குப் போய் எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் கை சூடேற நேரமாகும்.

அவள் புருஷன் தொபியாஸ் அந்தக் கையைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக் கொடுப்பான். அவன் படகு முதலாளி கஸ்பார் சம்மாட்டியின் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். பிள்ளை இல்லாத வீடு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பிள்ளை மாதிரி. தொபியாஸின் தம்பி ராயப்பனைப் பல வருஷத்துக்கு முன்னால் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு தொபியாஸ் மேகத்தின் ஓரம் கறுத்தாலே படகைத் திருப்பச் சொல்வான், அவன் சொல்லித் திரும்பின நாட்களில் பாதிநாள் வானம் ஒன்றும் செய்யாது, மீதி நாள் திரும்பாதவர்கள் அழுதுகொண்டு வருவார்கள்.

"நீங்க மட்டும் அங்க வந்துராதீங்க" என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தாள்.

"நான் எதுக்குட்டி வாரேன்? தெனமும் வீட்டுலதான் பேயப் பாக்குதேனே" என்று சிரித்தான்.

முதலில் தெருநாய்கள் ஊரைவிட்டுப் போயின. பயந்து கல்லை ஓங்குகிறவனும், ஓங்காமல் பம்முகிறவனும் இல்லாத ஊரில் அவற்றுக்கு மனுஷரைப் புரியாமல் போயிருக்க வேண்டும். ஒரு காலை நேரத்தில் எல்லாமாகச் சேர்ந்து உப்பளத்துச் சாலை வழியே வடக்கே நடந்தன, திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மின்வாரியத்து லைன்மேன் ஒருவர் கரண்ட் போகிற கம்பியைக் கொடிக்கயிறு மாதிரிப் பிடித்தார். அடக்கத்துக்குப் போன சனம் அழுதது, ஆனால் திரும்பி வருகிற வழியில் அவருடைய கூட்டாளி அதே கம்பத்தில் அதே மாதிரி ஏறினான், யாரும் கீழே நின்று சத்தம் போடவில்லை. பிள்ளைகள் தண்ணீர்த்தொட்டியின் கைப்பிடிச் சுவர்மேல் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஊர் இதையும் பழகிக்கொண்டது. முன்னெல்லாம் எதற்கெடுத்தாலும் படபடவென்று அடித்துக்கொள்கிற நெஞ்சு இப்போது அமைதியாக இருக்கிறது, நல்ல தூக்கம் வருகிறது, இதில் என்ன குறை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

ஒருநாள் வேலைக்குப் போகும்போது எமரென்சியா அதைப் பார்த்தாள். மெயின் ரோட்டோரம் செல்வராணி, அவர்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருப்பவள், யாரோடோ போனில் பேசிக்கொண்டு நின்றாள். அவளுடைய இரண்டு வயசுப் பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு நடுரோட்டுக்குப் போனது. உப்பு ஏற்றின லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. செல்வராணி பிள்ளையைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், மறுபடி போனில் பேசினாள். எமரென்சியா எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையை அள்ளிக்கொண்டு மறுபக்கம் போய் விழுந்தபோது முழங்கை இரண்டும் உரிந்து ரத்தம் வந்தது.

செல்வராணி நிதானமாக ரோட்டைக் கடந்து வந்தாள். "என்னக்கா இப்படி ஓடி வாறிய? ரத்தம் வருது பாருங்க."

"பிள்ள, செல்வராணி! லாரியப் பாக்கலியா?"

"பாத்தேன்" என்றாள் அவள். அவள் முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, பிள்ளைமேல் இருந்த பாசம் அப்படியே இருந்தது. வாங்கி முத்தம் கொடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து போனில் பேசிக்கொண்டே போனாள். எமரென்சியா ரோட்டோரம் உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த ஊரில் நடுங்கியது அவள் உடம்பு ஒன்றுதான்.

அவள் கிங்ஸ்டனிடம் சொன்னாள். அவனும் ஒருநாள் தன் கூட்டாளிகளோடு வரிசையில் போய் அலறிவிட்டு வந்திருந்தவன்தான். "அக்கா, ஜனங்க சந்தோசமாத்தான இருக்காங்க" என்றான். "நீங்க ஒரு தடவ அந்தப் பக்கமா வந்து பாருங்க, ஒங்களுக்கும் சரியாயிரும்."

அந்த வாரத்திலேயே கஸ்பார் சம்மாட்டி தொபியாஸைப் படகில் ஏற்ற மாட்டேன் என்றார். "ஒன் பயம் எங்க எல்லாருக்கும் பாரமா இருக்குப்பா. ஒண்ணு அத விட்டுட்டு வா, இல்லன்னா கரையில வலையப் பாரு."

எமரென்சியா குழிக்குள் படுத்திருந்தாள். காலடிச் சத்தம் நெருங்கியதும் வழக்கம்போல முடியை முன்னால் போட்டுக்கொண்டு, அந்த அழுகுரலை எடுத்து, மெல்ல எழுந்தாள். எதிரே படகுக்காரர்கள் ஐந்தாறு பேர், நடுவில் தொபியாஸ். பாதி எழுந்தவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. குரலை நிறுத்தினாள், ஆனால் அதற்குள் அவன் கேட்டுவிட்டான். ஈரமாக, வெளுத்து, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி தன் பெண்டாட்டி வருவதைப் பார்த்து, "ராயப்பா" என்று அலறினான்.

அவர்கள் போன பிறகு அவள் அதைத் தனியாக எடுத்தாள், ஆறுமுகநயினாரைக் கூப்பிடவில்லை. பாசி வாடை அடித்தது. கனம் ஒன்றும் அதிகமில்லை, ஒரு சின்னப் பிள்ளையின் கனம். மூலைக் குழியில் வைத்து மூடினாள்.

தொபியாஸ் அன்றைக்குச் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான், இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான், அவளுடைய குளிர்ந்த கையைத் தேய்த்துக் கொடுக்க மறந்துவிட்டான்.

ஐப்பசியில் புயல் வந்தது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டு போனார்கள், கரையில் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகள் தொண்டை வற்றக் கத்தினார்கள். நெடுந்துறை கேட்டுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சமைத்து வைத்த சோறு ஆளில்லாமல் ஆறியது. வானம் ஈயச்சட்டி மாதிரி இறங்கி வர, பாதி ஊர் பாய், முறுக்கு, பிள்ளைகளோடு அலை பார்க்கக் கடற்கரையில் வந்து உட்கார்ந்தது. மீதிப் பேர் படகு தள்ளினார்கள், காற்றுக்கு முன்னால் மீன் கலங்கி மேலே வரும் என்று.

எமரென்சியா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கிப் போகண்டாங்க. ஒங்க காலப் பிடிச்சிக் கேக்கேன்."

"ஏன்?" என்று கேட்டான் தொபியாஸ்.

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அவள் கடலைக் காட்டினாள். அவன் திரும்பிக் கடலைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து எடுத்துவிட்டான். பொறுமையாக, வலிக்காமல்.

அவள் ஐஸ் கம்பெனிக்கு ஓடினாள். கிங்ஸ்டன் வாசலில் நாற்காலி போட்டு மழை பார்த்துக்கொண்டிருந்தான், தடுக்கவுமில்லை, என்ன ஏது என்று கேட்கவுமில்லை. ஆறுமுகநயினார் உள்ளே இருந்தார். ஒருநாளும் வரிசையில் நின்று அலறாத அந்த மனுஷரிடம் அவருடைய பயம் பத்திரமாக இருந்தது, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"தொறந்துருவோமா தாயி?"

"தொறங்க அண்ணாச்சி."

அவர் ஒரு பக்கமிருந்தும் அவள் ஒரு பக்கமிருந்தும் பலகைகளைப் பெயர்த்தார்கள். மூலைக் குழியை மட்டும் அவள் கடைசியாகத் திறந்து, அதிலிருந்ததை முந்தானைக்குள் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் எழுந்தன. மாசக்கணக்காக அடைத்து வைத்த அலறல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சுவரில் முட்டி, மூன்று கதவுகளையும் கீலோடு பிடுங்கிக்கொண்டு வெளியே போயின. கிங்ஸ்டன் நாற்காலியோடு விழுந்தான். சர்பத் கடையின் பாட்டில்கள் எல்லாம் வெடித்தன. ஊர் முழுக்க ஜன்னல் கண்ணாடிகள் குளிரில் ஒருமுறை வெளுத்து அடங்கின. வீடு வீடாகத் தேடிப் போக அவற்றுக்கு முகவரி தெரியாது. எதிரில் யார் கிடைத்தார்களோ அவர்கள்மேல் விழுந்தன.

கடற்கரையில் உட்கார்ந்திருந்த ஊர் ஒரே குரலில் கூப்பாடு போட்டு எழுந்தது. பாயை விட்டார்கள், செருப்பை விட்டார்கள், தன் பிள்ளை அடுத்தவன் பிள்ளை என்று பார்க்காமல் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினார்கள். எமரென்சியா அந்தக் கூட்டத்துக்கு எதிராகக் கடலை நோக்கி ஓடினாள், முந்தானைக்குள் இருப்பதை அவனுக்கு அனுப்ப வேண்டும், அலைக்கு மேலே தூக்கி எறிந்தாவது அனுப்ப வேண்டும் என்று. எதிரே கண்ணைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்த செல்வராணி அவள்மேல் மோதினாள். முந்தானை அவிழ்ந்தது. செல்வராணி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் கேட்டறியாத ஒரு பெயரைச் சொல்லி, "ராயப்பா, ராயப்பா" என்று கதறியபடி மேட்டுக்கு ஓடினாள். முந்தானை காலியாகக் காற்றில் அடித்தது.

மிச்சமிருந்த அலறல்கள் தண்ணீருக்கு மேலே கூட்டமாகப் போவதை அவள் பார்த்தாள். கொக்குக் கூட்டம் மாதிரித்தான் இருந்தன. மழைக்குள் போய் மறைந்தன.

பொழுது சாய்வதற்குள் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கஸ்பார் சம்மாட்டி படகின் முன்முனை அணியத்தில் குப்புறப் படுத்து, நண்டு நண்டு என்று அழுதுகொண்டு வந்தார். தொபியாஸ் வந்தான். 'அதிதூதர்' என்று பெயர் எழுதிய படகு வரவில்லை. அதில் அண்ணன் தம்பிகள் நாலு பேர். அவர்கள்வரைக்கும் ஒரு அலறலாவது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று எமரென்சியா இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

புயல் கூரைகளைக் கொண்டுபோனது, கரையில் ஆட்கள் பிழைத்தார்கள். அதன் பிறகு ஊர் மறுபடியும் பழகிக்கொள்ள ஆரம்பித்தது. தலைமையாசிரியர் பரீட்சைக்குப் பயந்தார், பரீட்சை மணி அடித்தால் கழிவறைக்கு ஓடினார். போலீஸ்காரர்களில் ஒருவர் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தார். கல்யாணமே ஆகாத ஒருத்தி, பிள்ளை என் ஜாடையில் இல்லையே என்று ஏங்கினாள். செல்வராணி கடல் தெரிகிற ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினாள், பிள்ளையைக் கையிலிருந்து இறக்குவதே இல்லை. யார் பயம் யாரிடம் என்று தெரிந்தவர்கள் ஒருவரோடொருவர் மாற்றிப் பார்த்தார்கள், கை குலுக்கியும் கட்டிப்பிடித்தும் எதிரெதிரே நின்று அலறியும் பார்த்தார்கள், எதுவும் இடம் மாறவில்லை. யார்மேல் எதுவும் விழாமல் வெறுமையாக நின்றுபோனார்களோ, அவர்களை முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அவர்களும் அந்த ஊரில்தான் பஸ் ஓட்டுகிறார்கள், பிள்ளைகளுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

தொபியாஸுக்குக் கடல்மேல் பயமில்லை. அவனுக்கு வந்திருந்தது வேறு. பொழுது சாயத் தொடங்கினால் அவன் காது தெருவில் போய் நிற்கும். அடுப்பை அணைப்பான், பாத்திரங்களைச் சத்தமில்லாமல் நகர்த்துவான். கேட்டின் கொண்டி விழுகிற சத்தம் கேட்டதும் அத்தனை பெரிய மனுஷன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்க் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "இன்னிக்கி நான் ஒண்ணும் சொல்லலியே, ஒண்ணும் சொல்லலியே" என்று முணுமுணுப்பான்.

முதல்நாள் அதைப் பார்த்ததுமே எமரென்சியாவுக்குப் புரிந்துவிட்டது. எவளோ ஒருத்தி, எந்தத் தெருவிலோ, ஒருவன் வீடு திரும்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து வளர்த்த பயம் அது. வேன்களில் வந்தவர்களில் யாராகவும் இருக்கலாம். புருஷனிடமிருந்து அதை எடுத்து உரியவளிடமே சேர்த்துவிட வேண்டும் என்ற வெறியில் அவள் தெருத்தெருவாக அலைந்தாள், பக்கத்து ஊர்களுக்குப் போனாள், தையல் வேலை கேட்கிற மாதிரியும் தண்ணீர் கேட்கிற மாதிரியும் வாசல் வாசலாக நின்று பெண்களின் கைகளைத் தொட்டுப் பார்த்தாள். ஒருநாள் சந்தை ரோட்டில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து, "கைய எறக்குங்க. எறக்குங்கன்னு சொல்லுதேன்லா" என்று ஒரு பெண் குரல், உரத்துக்கூட இல்லை, சாதாரணமாகச் சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமில்லை.

அந்தப் பயத்தை விட்டுவிட்டுப் போனவள் அந்த வீட்டுக்காரிதானா என்று தெரியாது. எமரென்சியா கதவைத் தட்டவில்லை. வந்த வழியே நடந்து பஸ் ஏறினாள், மறுநாளிலிருந்து தேடுவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது அவள் மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் தெருமுனை திரும்பும்போதே, ஊரெல்லாம் பார்த்தால் பார்க்கட்டும் என்று, பாஸ்கா நாடகத்தில் கடைசி வரிசைக்கு எட்டிய அந்தக் குரலை எடுத்து, "நாந்தான்! எமி வாரேன்! நான் மட்டுந்தான் வாரேன்!" என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். கேட்டின் முன்னால் வந்து நிற்கிறாள். உள்ளே பாத்திரம் ஒன்று நகர்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் கொண்டியைத் தொடுவதில்லை.